கையால் பார்க்கிற டொக்டர்

பலேர்மோவில் தமிழ்ச் சனத்துக்கு நல்ல டொக்டரைத் தெரிந்து சொல்கிறவர்கள் டொக்டர்மாரின் வீடு துடைக்கிற பெண்கள்தான். வேறு யாரிடம் போய்க் கேட்பது? கிளினிக் வாசல்களில் தொங்கும் பெயர்ப்பலகைகள் எல்லாம் ஒரே பித்தளை. ஆனால் ஒரு மனிசனின் குளியலறையைக் கழுவுகிறவளுக்கு அவரைப் பற்றித் தெரியாதது என்று ஒன்றும் மிஞ்சாது. இருதய டொக்டர் பல்கனியில் ஒளித்து நின்று சிகரெட் குடிப்பதும், பல் டொக்டர் தாய்க்குக் கட்டிக் கொடுத்த பல்லு பொருந்தாமல் அது தண்ணீர்க் கிளாசுக்குள்ளேயே கிடப்பதும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற ஜோக்கிமின் கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிறு றோசமலர் கடைக்குப் போனது டொக்டர் தேடி. அவள் புருசன் கிறிகோரிக்கு நாரி பிடித்துவிட்டது. இடுப்பும் முதுகும் பொருந்துகிற அந்த இடத்தில் ஆணி அறைந்தது போல ஒரு வலி, அங்கிருந்து இடது காலுக்கு ஒரு இழுப்பு. காலையில் கட்டிலில் இருந்து எழும்ப முதலில் குப்புறப் புரண்டு, முழங்கால் ஊன்றி, சுவரைப் பிடித்து, ஒரு கிழவனைப் போல எழும்பினான். வயது ஐம்பத்தொன்று.

அவனுடைய வேலையே ஒரு கிழவனைத் தூக்குவதுதான். ஒரேத்தோ வீதிப் பக்கம், மூன்றாம் மாடியில், சால்வோ என்கிற கிழவர். ஒரு காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது இரண்டு காலும் வழங்காது. குடும்பத்தில் எல்லோரும் நொன்னோ, அதாவது தாத்தா, என்று கூப்பிட்டார்கள். கிறிகோரியும் அப்படியே கூப்பிட்டான். காலையில் அவரைக் கட்டிலில் இருந்து சில்லுக் கதிரைக்கு, கதிரையில் இருந்து கக்கூசுக்கு, திரும்பக் கதிரைக்கு, மத்தியானம் கட்டிலுக்கு. ஆள் மெலிந்தவர் இல்லை. தூக்கி இறக்க ஒரு இயந்திரம் எடுப்போம் என்று மகள் சிஞோரா எலேனா சொன்னபோது கிழவர் சன்னதம் ஆடிவிட்டார். துறைமுகத்தில் தன் வேலையைப் பறித்ததே கிரேன்தானாம். செத்தாலும் கிரேனில் ஏற மாட்டாராம். தன்னை மனிசன்தான் தூக்க வேண்டுமாம்.

கிறிகோரி தூக்குகிற முறை வேறு ஒருவரிடமும் கிடையாது. முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கிறவன் கையால் இழுப்பதில்லை. கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து, பாரத்தைக் காலில் வாங்கிப் பின்பக்கமாக நடப்பான். அதையேதான் கிறிகோரி மூன்றாம் மாடியிலும் செய்தான். கட்டில் விரிப்பைக் கயிறாக முறுக்கி, கிழவரின் இடுப்பைச் சுற்றித் தன் இடுப்பையும் சுற்றி ஒரு முடிச்சு. பிறகு பின்னால் சாய்வான். கிழவர் அலை தள்ளிய வலை மாதிரி எழும்பி அவன் நெஞ்சோடு வந்து நிற்பார். முதல் நாள் அதைப் பார்த்து, கலியாணம் கட்டிக்கொண்ட சோடி மாதிரி இருக்கிறோமே என்று நொன்னோ சிரித்துச் சிரித்து இருமினார்.

அந்தச் சாய்விலேயேதான் நாரி விட்டது.

குடும்ப டொக்டர் ஊசி எழுதினார், குளிசை எழுதினார், ஓய்வு எடு என்றார். ஓய்வு என்ற சொல்லைச் சிஞோராவின் காதில் போட முடியாது. அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள், கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரலில்: உனக்கு ஏலாமல் போகும் அன்று மறைக்காமல் சொல், அப்பாவை முதியோர் இல்லத்தில் விட்டுவிடுகிறேன், இடம் கேட்டு வைத்திருக்கிறேன். கிழவர் அங்கே போனால் கிறிகோரி வீதியில். வேலை இல்லாவிட்டால் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற நேரம் குவெஸ்தூராவில் பொலிஸ்காரனிடம் எதைக் காட்டுவது? நாரி விட்ட ஐம்பத்தொரு வயதுக்காரனை யார் வேலைக்கு எடுப்பான்?

ஆகவே நாரி திரும்ப வர வேண்டும். வந்தே ஆக வேண்டும்.

ஜோக்கிமின் கடையில் பெண்கள் ஆளுக்கொரு டொக்டரைச் சொன்னார்கள். ஒருத்தி சொன்னவரை இன்னொருத்தி வெட்டினாள். அந்தாள் குடி. அந்தாள் முகத்தைப் பார்க்க மாட்டார், கொம்பியூட்டரைத்தான் பார்ப்பார். அந்தாளின் மனிசி பழஞ்சோற்றுக்கும் கணக்குப் பார்க்கிறவள், புருசன் எப்படி இருப்பார்? ஜோக்கிம் மீனைக் கொத்தியபடி, ஊசி போடாத டொக்டர் யாரும் இருந்தால் தனக்கும் சொல்லச் சொன்னான். கடைசியில் சறோஜா அக்கா வாய் திறந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. அறுபது தாண்டிவிட்டது. அவளுக்கு முன்பே பலேர்மோவுக்கு வந்த தமிழ்ப் பெண் அந்தக் கடையில் இல்லை. அவள் பேசினால் மற்றவர்கள் நிறுத்துவார்கள்.

"எங்கடை டொத்தொரேசாட்டை கூட்டிக்கொண்டு வா, பிள்ளை. அவ கையாலைதான் பாக்கிறவ. எலும்பு, நரம்பு, தசை எல்லாத்தையும் ஒண்டாப் பாக்கிற படிப்பாம் அது. மெசினும் இல்லை, ஊசியும் இல்லை."

டொத்தொரேசா என்றால் பெண் டொக்டர், சறோஜா அக்கா வேலை செய்கிற வீட்டுக்காரி. றோசமலர் தயங்கினாள். கையால் பார்க்கிறது என்றால் எண்ணெய் போட்டு உருவுகிறதோ?

"உருவிறதில்லையடி. என்ரை தோள் உயத்த ஏலாமல் போச்செல்லே, நினைவிருக்கே? அவவின்ரை சேட்டை அயன் பண்ணிக்கொண்டு நிக்கிறன், பின்னாலை வந்து பாத்துக்கொண்டு நிண்டிட்டு, அயன்பொக்சைப் புடுங்கி வைச்சிட்டு, குசினிக் கதிரையிலை இருத்தினா. கழுத்திலை ரெண்டு விரல். அவ்வளவுதான். அண்டைக்கு உயந்த கை." சறோஜா அக்கா கையை உயர்த்திக் காட்டினாள். மேலே தொங்கிய வாழைப்பழச் சீப்பில் அது இடித்தது.

அன்று றோசமலர் வீட்டுக்கு வந்து புருசனிடம் சொன்னபோது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. டொக்டர் கிடைத்துவிட்டார் என்றால் பாதி நோய் போனமாதிரி என்று அவள் நினைத்தாள். கிறிகோரியும் அப்படித்தான் நினைத்தான்.

லிபெர்த்தா வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் முதலாம் மாடி. வெள்ளை அறை. மேசையில் பிளாஸ்டிக் முதுகுத்தண்டு ஒன்று தனியே நின்றது, தலையும் இல்லை காலும் இல்லை. டொத்தொரேசா கட்டை ஆள், நரைத்த கட்டைத் தலைமயிர், மீன் வெட்டுகிறவளைப் போல உரமான கை. கிறிகோரிக்குச் சந்தையில் பேச, கிழவரோடு பேச இத்தாலியம் வரும். டொக்டரோடு பேசுகிற இத்தாலியம் வேறு. அதற்குத்தான் சறோஜா அக்கா கூடவே வந்து கதிரையில் இருந்தாள்.

எப்போது தொடங்கியது, எங்கே இழுக்கிறது, எப்படிப் படுக்கிறாய் என்று டொத்தொரேசா ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவசரப்படவில்லை. பன்னிரண்டு வருசத்தில் அவனை இந்த நாட்டில் இவ்வளவு நேரம் எவரும் விசாரித்ததில்லை. பிறகு சேட்டைக் கழற்றச் சொன்னாள். அவன் பொத்தானில் கை வைத்தபோது அடுத்த கேள்வியைக் கேட்டாள். சறோஜா அக்கா தமிழில் திருப்பினாள்.

"முந்தி ஏதும் விபத்து, காயம், ஒப்பரேசன்? உடம்புக்குள்ளை இரும்பு கிரும்பு ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா, தம்பி."

"இல்லை."

அது யோசித்துச் சொன்னது அல்ல. அந்தப் பதில் அவனுக்குள்ளே எப்போதும் வாயோரம் நின்றது.

யுத்தம் முடிந்த கிழமை, வெட்டைவெளி ஒன்றில், ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்திச் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பில் காயத்தழும்பு இருந்தவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள், இல்லாதவனை இன்னொரு பஸ்ஸில். கிறிகோரிக்கு முன்னால் நின்றவன் ஷெல் பட்டது என்று உள்ளதைச் சொன்னான். ஷெல் எல்லோருக்கும்தான் பட்டது. வலை இழுத்தவனுக்கும் பட்டது, துவக்குப் பிடித்தவனுக்கும் பட்டது. அவனை முதலாவது பஸ்ஸில் ஏற்றினார்கள். அதில் போனவனை அதன்பிறகு ஒருவரும் கண்டதாகச் சொல்லவில்லை. கிறிகோரியின் முறை வந்தது. இடுப்புக்கு மேலே, முதுகில், புளியங்கொட்டை அளவுத் தழும்பைத் துவக்கு முனையால் தொட்டு, இது என்ன என்று கேட்டான் ஆமிக்காரன்.

மாடு முட்டினது என்றான் கிறிகோரி.

அந்த ஒரு வசனம் அவனை மற்றப் பஸ்ஸில் ஏற்றியது. முகாமில் கேட்டார்கள், கொழும்பில் கேட்டார்கள், விமான நிலையத்தில் கேட்டார்கள். இல்லை. மாடு முட்டினது. இல்லை. உள்ளே ஷெல் பீஸ் இன்னும் கிடந்தது. அதை எடுக்க ஒரு டொக்டரும் அப்போது அங்கே மிஞ்சியிருக்கவில்லை. காலம் போக, அது தன் உடம்பில் இருக்கிற இன்னொரு எலும்பு என்றே அவன் நினைக்கத் தொடங்கிவிட்டான்.

அவன் குப்புறப் படுத்தான். டொத்தொரேசாவின் விரல்கள் கழுத்தில் தொடங்கின. சூடான விரல். ஒவ்வொரு முள்ளெலும்பாக, படி இறங்குகிறவள் மாதிரி இறங்கினாள். எங்கே நோகும் என்று அவன் சொல்ல முன்பே விரல் அங்கே போய் நின்றது. சறோஜா அக்கா சொன்னது மெய்தான் என்று அவனுக்குப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டான்.

விரல் தழும்புக்கு வந்தது. நின்றது. பக்கவாட்டில் நகர்ந்து, ஆழமாக அழுத்தி, திரும்ப வந்தது. இது என்ன என்று அவள் கேட்டாள். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"மாடு முட்டினது," என்றான் கிறிகோரி, தமிழில், தலையணைக்குள்.

டொத்தொரேசாவின் விரலுக்குக் கீழே ஏதோ உருள்வதைச் சறோஜா அக்கா கண்டாள். ஆனாலும் அவன் சொன்னதை அப்படியே திருப்பினாள். டொத்தொரேசா கையை எடுத்தாள். துவாயால் அவன் முதுகை மூடிவிட்டு, கைக்குக் கண் இல்லை என்றாள். அங்கே ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியாமல் நான் திருப்பவும் மாட்டேன், நெரிக்கவும் மாட்டேன். எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொண்டு வா, பிறகு பார்ப்போம். தோளையும் தொடையையும் மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். அன்று பின்னேரம் வரைக்கும் அவன் நிமிர்ந்து நடந்தான். சரியான டொக்டர்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

படியிறங்கும்போது சறோஜா அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மாட்டுக் கொம்பு தோலுக்குக் கீழை உருளாது, தம்பி. நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். பயப்பிடாதேங்கோ."

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டுத்தான் அவனுக்குப் பயம் பிடித்தது. ஜோக்கிமின் கடையில் டொக்டர்மாரின் கட்டிலுக்குக் கீழே கிடப்பதே இரகசியமாக இருப்பதில்லை; கிறிகோரியின் தோலுக்குக் கீழே கிடப்பதா இருக்கப்போகிறது? அங்கே சொன்ன கதை கொழும்பு வரை போகும். முல்லைத்தீவில் தம்பி குடும்பம் இருக்கிறது. பாஸ்போட் புதுப்பிக்க இலங்கைத் தூதரகத்துக்குப் போக வேண்டும்.

வீட்டில் றோசமலர் வெடித்தாள். கதவைச் சாத்திவிட்டு, குரலை அடக்கிக்கொண்டு வெடித்தாள். சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டிலும் தமிழர்.

"ஆமிக்காரன் கேட்டால் சொல்லாதேங்கோ. டொக்டர் கேட்டால் சொல்லுங்கோவன். அவ என்ன பஸ்ஸே வைச்சிருக்கிறா?"

"ரெண்டு பேரும் சேட்டைக் கழட்டச் சொல்லிப்போட்டுத்தானே கேக்கினம்," என்றான் கிறிகோரி.

றோசமலர் குசினிக்குப் போனாள். சோற்றுப் பானையைத் தூக்கி மேசையில் வைத்தாள். சத்தமாக வைத்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் படம் எடுக்க வரிசை. இலையுதிர் காலத்தில் பெயர் பதிந்தால் ஈஸ்டர் கழித்துத்தான் வரலாம் என்றார்கள். அவன் காத்திருந்தான். வேறு என்ன செய்வது? றோசமலர் வெறுங்காலோடு, பலேர்மோவைக் காக்கிற புனிதை சாந்தா ரோசலியாவின் மலைக்கு ஏறி நேர்ந்துவிட்டு வந்தாள். அந்த மலைக்கு வேதக்காரரும் சைவக்காரரும் ஒன்றாகத்தான் ஏறுவார்கள். வழியில் சறோஜா அக்காவும் கற்பூரப் பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தாளாம், இரண்டு பேரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லையாம்.

கிழவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. பாரம் தூக்கி வாழ்ந்தவனுக்கு இன்னொருவன் மூச்சை எங்கே நிறுத்துகிறான் என்பது கேட்கும். ஒருநாள் முடிச்சைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, உனக்கு எங்கே அறுந்தது, நாலாவது முள்ளெலும்பிலா ஐந்தாவதிலா என்று கேட்டார். தனக்கு ஐந்தாவதாம். ஸ்பெயினில் இருந்து வந்த தோடம்பழப் பெட்டியாம். கேவலம், ஒரேஞ்சுத் தோட்டம் நிறைந்த சிசிலியில் ஒருவனின் முதுகை ஸ்பெயின் தோடம்பழம் முறித்தது என்று துறைமுகமே சிரித்ததாம்.

அதன்பிறகு இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள். சிஞோரா வருகிற நேரம் கிழவர் ஏற்கெனவே கதிரையில் இருப்பார். தூக்குவதை அவள் காணக் கூடாது. மகள் நிற்கும்போது மூத்திரம் வந்தாலும் அடக்கிக்கொண்டு, போ போ, உனக்கு வேலை இல்லையா என்று அவளைத் துரத்துவார். அவள் போன பிறகு சில நாள் அடக்க முடியாமல் போய்விடும். கிறிகோரி கழுவிவிடுவான். முதியோர் இல்லத்தில் தன்னைக் கிரேனில் தூக்குவார்கள் என்று கிழவர் சொல்வார். உன்னையும் என்னையும் சேர்த்தே தூக்கி எறிவார்கள் என்று கிறிகோரி சொல்வான். அந்தப் பகிடிக்கு இரண்டு பேரும் ஒவ்வொரு முறையும் சிரித்தார்கள், வேறு பகிடி இல்லாததால்.

காலில் இழுப்பு கூடிக்கொண்டு வந்தது. மாரிகாலத்தில் பெருவிரல் மரத்தது. அவன் வீட்டில் சொல்லவில்லை.

படம் எடுக்கிற நாள் வந்தது. றோசமலர் கட்டடப் படிகள் துடைக்கப் போக வேண்டியிருந்ததால் தனியே போனான். வாசலில் நின்று அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"கேப்பினம். சொல்லிப்போடுங்கோ, என்ன?"

"ஓம்."

உண்மையிலேயே சொல்லத்தான் போனான். பஸ்ஸில் இத்தாலியச் சொற்களைக் கோத்துக்கொண்டு போனான்: குவெர்ரா, யுத்தம். பொம்பா, குண்டு. உள்ளே. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெட்டை, நீலச் சட்டைக்காரி, கையில் பேனாவோடு அவசரமாக வந்தாள். சேட்டைக் கழற்றி இந்த அங்கியைப் போடு என்றாள். அவன் கழற்றினான். இதயத்துக்குக் கருவி வைத்திருக்கிறாயா? இல்லை. அறுவைச் சிகிச்சை? இல்லை. உடம்பில் உலோகம், வெடித் துண்டு? அவன் முதுகு குளிரில் விறைத்துப்போய் நின்றது. பெட்டையின் பேனா அவன் நெஞ்சுக்கு நேரே இருந்தது.

"இல்லை."

சொல்லி முடிந்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அவள் அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள். கூப்பிட வாயைத் திறந்தான். கூப்பிட்டு என்ன சொல்வது? இப்போது பொய் சொன்னேன் என்றா? பொய் சொன்னவனை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஒடுங்கிய குழாய், முழுக்கக் காந்தம். கையில் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, பயம் வந்தால் அமத்து என்றார்கள். உள்ளே தள்ளினார்கள். இடி இடித்தது. இயந்திரம் இடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த இடி அவன் அறிந்த இடி. பதுங்குகுழிக்குள் மல்லாந்து படுத்துக் கேட்ட அதே ஒழுங்கு. பிறகு முதுகில் அந்த இடம் சூடானது. முதலில் இளஞ்சூடு, பிறகு கொள்ளிக்கட்டை. ஏதோ ஒன்று தோலுக்குள்ளே எழும்பி உட்கார முயன்றது. கிறிகோரி பந்தை நெரித்தான். கத்தினானா என்று அவனுக்கு நினைவில்லை.

வெளியே இழுத்தார்கள். குவெர்ரா, பொம்பா, என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். கோத்து வைத்த சொற்கள் இப்போதுதான் வந்தன. நீலச் சட்டைக்காரி முகம் வெளுத்துப்போய் நின்றாள். உன்னிடம் கேட்டேனே, உன்னிடம் கேட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்தக் கிழமையே அவன் டொத்தொரேசாவிடம் போனான். றோசமலரும் வந்தாள், சறோஜா அக்காவும் வந்தாள். இந்தமுறை எல்லாவற்றையும் சொன்னான். மாட்டை விட்டுவிட்டுச் சொன்னான். சறோஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வசனமாகத் திருப்பினாள். டொத்தொரேசா தனக்குத் தெரிந்த இடத்தில் சொல்லி, அவனுக்கு ஏற்ற வேறு வகை ஸ்கான் படம் எடுப்பித்தாள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். சாம்பல் நிற எலும்புக்குப் பக்கத்தில், நரம்பு வெளியே வருகிற வாசலில், உழுந்து அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அது வெளிச்சத்தில் மினுங்கியது.

அவள் தன் இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தாள். இந்தக் கையால் இதற்குச் செய்ய ஒன்றும் இல்லை என்றாள். திருப்பினாலும் ஆபத்து, அழுத்தினாலும் ஆபத்து. அறுவைச் சிகிச்சை செய்கிற ஒருவருக்கு எழுதித் தருகிறேன். அவரும் யோசித்துத்தான் கத்தி வைப்பார். அங்கேயும் வரிசை உண்டு. அதுவரைக்கும் பாரம் தூக்காதே. ஒரு தண்ணீர்ப் போத்தல் கட்டுக்கூடத் தூக்காதே. கால் உணர்வில்லாமல் போனால் அந்த நிமிசமே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

முதல் நாளே சொல்லியிருந்தால் சுகமாகியிருக்குமா என்று றோசமலர் கேட்டாள். சறோஜா அக்கா அதைத் திருப்ப விரும்பவில்லை. றோசமலர் திரும்பவும் கேட்டாள். டொத்தொரேசா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காந்தம் இழுக்க முதல் இது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது, இப்போது சொல்வது சரியில்லை என்றாள்.

நல்ல டொக்டர். தேடிப் பிடித்த டொக்டர். அவர்கள் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள், படத்தை றோசமலர் மடியில் வைத்திருந்தாள்.

வேலையை விடச் சொல்லி றோசமலர் கெஞ்சினாள். கிறிகோரியும் மறுநாள் அந்த நினைப்போடுதான் மூன்றாம் மாடிக்கு ஏறினான். சிஞோரா வந்ததும் சொல்லிவிடுவது. ஏலாமல் போகும் அன்று சொல் என்றவள்தானே. அவன் முகத்தைக் கண்டதுமே கிழவருக்கு விளங்கிவிட்டது. சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன்னைக் கட்டிலிலேயே விட்டுவிடும்படி சொன்னார். பிறகு, கொஞ்ச நேரத்தில், அறையில் நாற்றம் எழும்பியது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், கன்னம் துடித்தது. ஒரு ஆம்பிளையை அப்படியே எப்படிக் கிடக்க விடுவது? சிஞோரா வரப் பின்னேரம் ஆகும்.

இந்த ஒருமுறை, என்றான் கிறிகோரி, தனக்கே.

விரிப்பை முறுக்கினான். கிழவரைச் சுற்றி, தன்னைச் சுற்றி, முடிச்சுப் போட்டான். கரைவலை முடிச்சு. பாரம் கூடக் கூட இறுகும், தளர்த்தினால் மட்டும்தான் விடும். பின்னால் சாய்ந்தான். கிழவர் எழும்பினார், அரைவாசி எழும்பினார். அப்போது கிறிகோரியின் இடது கால் இல்லாமல் போனது. வலி இல்லை. கால் இருந்த இடத்தில் வெறும் இடம். இரண்டு பேரும் ஒன்றாக, ஒரே துண்டாக, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவில் விழுந்தார்கள். கிழவர் மேலே, அவன் கீழே.

முடிச்சு அவன் முதுகுக்குப் பின்னால், அவர்களுடைய பாரத்தின் அடியில் கிடந்தது. கை அங்கே போகவில்லை. போன் குசினி மேசையில். கிழவருக்கு முறிவு ஒன்றும் இல்லைப் போலிருந்தது, மூச்சு ஒழுங்காக வந்தது. கிறிகோரி காலை அசைக்கப் பார்த்தான். அசைத்துவிட்டேன் என்று நினைத்தான். எட்டிப் பார்த்தான். பாதம் அப்படியே கிடந்தது, செருப்புக் கழன்று.

இருவரும் கத்திப் பார்த்தார்கள். கீழே பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் கூச்சல், மோட்டார் சைக்கிள், யாரோ மீன் விற்றுக்கொண்டு போனான். பிறகு கத்துவதை விட்டார்கள். கிழவர் தாகம் என்றார். தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மன்னித்துக்கொள் என்றார், நாற்றத்துக்கு. பரவாயில்லை நொன்னோ என்றான் கிறிகோரி. யன்னல் வழியே வந்த வெயில் சுவரில் ஏறி அலுமாரிக் கதவுக்குப் போனது.

"எலேனாவுக்கு என்ன சொல்லுறது?" என்று கிழவர் அவன் காதுக்குள் கேட்டார். அவன் திரும்பவும் பாதத்தை எட்டிப் பார்த்தான். கால் திரும்பி வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தான். கடலில் வலை வராத நாளில் காத்திருப்பது போலத்தான், ஆனால் அங்கே இழுக்கக் கயிறாவது கையில் இருந்தது.

வெயில் மங்கிய பிறகு கதவில் சாவி திரும்பியது. சிஞோரா அறைவாசலில் நின்று ஒரு சத்தம் போட்டாள். ஓடி வந்து தகப்பனின் தலையைப் பிடித்தாள். முடிச்சைத் தேடினாள், விரலால் இழுத்தாள், அது இன்னும் இறுகியது. குசினிக்கு ஓடிக் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினாள். தகப்பனைப் பக்கவாட்டில் புரட்டிக் கட்டிலோடு சாய்த்து இருத்தினாள். பிறகு கிறிகோரியிடம் திரும்பிக் குனிந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

"உனக்கு எங்கேயும் அடிபட்டதா, கிறெகோரியோ?"

"இல்லை," என்றான் கிறிகோரி.

"அப்படியென்றால் எழும்பு," என்று அவள் கையை நீட்டினாள்.